ஏழாவது திருத்திய அட்டவணை

ஊரடங்கு தொடங்கிய நான்காம் நாள் காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, இளைஞர் மன்றத்தின் நிகழ்ச்சி அலுவலர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். தொற்று எத்தனை மாதம் நீடித்தாலும் சரி, இந்தப் பகுதி இளைஞர்களைக் கைவிடுவதில்லை. மன்றத்தின் கதவைப் பூட்டலாம், மன்றத்தைப் பூட்ட முடியாது. நிகழ்ச்சிகள் எல்லாம் இனி கைபேசி வழியாக, அவரவர் வீட்டிலிருந்தபடியே நடக்கும்.

எட்டு மணிக்கு அவர் மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். வீட்டு வேலைகள் என்னென்ன, எத்தனை மணிக்கு, யார் செய்ய வேண்டும் என்ற விவரம் அதில் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு நிமிடங்களில், அலுவலர் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார் என்பதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

மனைவி பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த டிரைவர் எதில் ஏறுவார், எந்தக் கண்டக்டருக்கு எந்தக் கிழமை ஓய்வு என்பதையெல்லாம் பதினெட்டு ஆண்டுகளாக அவர்தான் தீர்மானிக்கிறார். இப்போது மருத்துவமனை ஊழியர்களுக்கு மட்டும் பத்து வண்டிகள் ஓடின. அதற்கு வீட்டிலிருந்தே அரை மணி நேரம் போதும். மீதி நேரத்தையும் மீதித் திறமையையும் அவர் வீட்டின் பக்கம் திருப்பியிருந்தார்.

சமையலும் துணி துவைப்பதும் மனைவிக்கு. குளியலறையும் தரை துடைப்பதும் பதினாறு வயது மகளுக்கு. அலுவலருக்கு, பேருந்துக்குப் போடுவதுபோல, ஐந்து நடைகள். காலை ஏழு மணிக்கு வீடு பெருக்குதல். பத்தரைக்குப் பாத்திரம். ஒன்றரைக்கு மறுபடி பாத்திரம். ஐந்து மணிக்குத் துணி மடித்தல். இரவு எட்டுக்கு அடுப்பு மேடை துடைத்தல். கடைசிக் கட்டத்தில் 'மாற்று ஆள்' என்று தலைப்பிட்டு, கீழே ஐந்து வரிசையிலும் சின்னக் கோடு இழுத்திருந்தது.

இத்தனை நாளாக இதையெல்லாம் யார் செய்தது என்று அலுவலர் கேட்டார். குத்தலாகக் கேட்ட கேள்வி அல்ல, உண்மையிலேயே அவர் அதை யோசித்ததில்லை.

"வேலைக்கு வர்றவங்க பாதி, நான் பாதி," என்றார் மனைவி. "அவங்களை இப்ப வரச் சொல்ல முடியாது. அந்தப் பாதிக்கு ஆள் வேணுமில்ல?"

அலுவலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 'தன் வேலையைத் தானே செய்' என்ற தலைப்பில் பதினோரு ஆண்டுகளாக, ஆண்டுக்கு இரண்டு முறை, மன்றத்தில் பேசி வருகிறவர். பேசும்போது குடிக்க அவர் எடுத்துப் போகும் தண்ணீர் பாட்டிலை மனைவி நிரப்பித் தருவார். எந்தக் கூட்டத்தையும் 'எல்லாரும் ஒரு தடவை பலமா கைதட்டுங்க' என்று தொடங்குவதால் உறுப்பினர்கள் அவருக்குக் 'கைதட்டு சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

முடிவெடுத்த சூட்டோடு உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை எழுதினார். காலை ஏழு மணிக்கு உடற்பயிற்சி. பத்தரைக்குத் தலைமைப் பண்பு. ஒன்றரைக்கு நாடகப் பயிற்சி. ஐந்து மணிக்குக் கேரம். இரவு எட்டுக்கு நாள் நிறைவு உரை.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகு அவர் செய்தது ஒரே ஒரு தவறு. கணினியில் கட்டம் போட அவருக்கு வராது. கட்டம் போடுவதில் அந்தப் பகுதியிலேயே கெட்டிக்காரர் யாரோ, அவரிடமே தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மனைவி தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பணிமனையில் அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஒரே டிரைவருக்கு மூன்று நாள் ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்தால், வயிற்றைப் பார்க்கக் கூடாது, வழித்தடத்தைப் பார்க்க வேண்டும்.

"நல்லா இருக்குங்க," என்றார். "சாப்பிடற நேரத்தை மட்டும் கரெக்டா விட்டு வச்சிருக்கீங்க."

அலுவலர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். கட்டம் அழகாக வந்தது. அன்று மாலையே அறுபத்திரண்டு உறுப்பினர்களின் வீட்டுக்கும் போனது.

முதல் நாள் உடற்பயிற்சிக்கு நாற்பத்தோரு பேர் வந்தார்கள். மன்றக் கட்டடம் திறந்திருந்த காலத்தில் காலை ஏழு மணிக்கு ஏழு பேர் வந்தாலே அலுவலர் செய்தித்தாளுக்குக் குறிப்பு அனுப்புவார். இளைஞர் உள்ளத்தில் தாம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறோம் என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகளுடைய பாடப்புத்தகங்களின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாரையும் குதிக்கச் சொன்னார். கேமராவில் அவர் மார்புக்கு மேலேதான் தெரிந்தார். கீழே லுங்கி, அது வேறு விஷயம். நாற்பத்தைந்து நிமிடத்தில் இருபது நிமிடம் வருகைப் பதிவுக்குப் போனது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, 'உள்ளேன் ஐயா' என்ற குரல் வந்த பிறகே அடுத்த பெயருக்குப் போவார். பாதிப் பேருக்கு அந்த நேரத்தில்தான் சிக்னல் போகும்.

வெளியே துடைப்பத்தின் சத்தம் கேட்டது. மனைவி பெருக்கிக்கொண்டிருந்தார். அலுவலர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

கேரத்தைக் கைபேசியில் கற்றுத் தருவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. கேரம் மாஸ்டர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், எதையும் இணைத்துவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர். அவர் ஒரு வழி சொன்னார். ஆடுகிற இருவரும் அவரவர் வீட்டுப் பலகையில் அடித்துவிட்டு, எத்தனை காய் விழுந்தது என்று மாறி மாறி வாயால் சொல்ல வேண்டும். பலகை இல்லாதவர்கள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பாட்டில் மூடிகளை வைத்து ஆடலாம். முதல் வாரத்தில் பதினாறு ஆட்டங்கள் நடந்தன. பதினாறிலும் இருவருமே ஜெயித்தார்கள். சிவப்புக் காய் ஒரே ஆட்டத்தில் நான்கு தடவை விழுந்தது. மாஸ்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தார்.

நாடகப் பயிற்சி இன்னும் உருக்கமாக இருந்தது. கதாநாயகன் உயிர் பிரியும் வசனத்தில் இருந்தான். பின்னாலிருந்து அவன் அம்மா, குக்கர் மூணு விசில் வந்தாச்சு, இறக்குடா என்றார். அவன் சாவை நிறுத்திவிட்டுப் போய் இறக்கி வைத்தான். திரும்பி வந்து மிச்சத்தைச் செத்தான்.

இப்படி ஒரு வாரம் போனது. அந்த வாரம் அலுவலர் ஒரு ஸ்பூன்கூடக் கழுவவில்லை. 'எனக்கென்ன ஆசையா, கடமை கூப்பிடுது' என்று தினம் ஐந்து முறை சொல்லிவிட்டு அறைக்குள் போவார். எட்டாம் நாள் ஃப்ரிட்ஜ் கதவில் தாள் மாறியிருந்தது. பத்தரைப் பாத்திரம் பதினொன்றே முக்காலுக்குப் போயிருந்தது.

அன்று மாலையே உறுப்பினர்களுக்கு முதல் திருத்திய அட்டவணை போனது. 'இளைஞர்களின் வேண்டுகோளுக்கு இணங்க' தலைமைப் பண்பு பதினொன்றே முக்காலுக்கு மாற்றப்பட்டிருந்தது. எந்த இளைஞரும் வேண்டவில்லை.

மனைவி பெருக்குவதை ஆறரைக்குக் கொண்டு வந்தார். உடற்பயிற்சியும் ஆறரைக்கு வந்தது. துணி மடிப்பது நாலேகாலுக்குப் போனது. கேரமும் நாலேகாலுக்குப் போனது. மனைவி ஒரு நாள் எல்லாவற்றையும் அரை மணி தள்ளிப் போட்டார். மறுநாள் இளைஞர் மேம்பாடு முழுவதுமே அரை மணி தள்ளிப் போயிற்று. பத்து நாளில் திருத்திய அட்டவணை ஆறு வந்துவிட்டது. ஆறுக்கும் கட்டம் போட்டுத் தந்தவர் மனைவிதான். ஒவ்வொரு தடவையும் தாளை வாங்கிப் பார்ப்பார், கட்டம் போட்டுத் தருவார்.

இந்த மாற்றங்களில் உறுப்பினர்கள் தடுமாறிப் போனார்கள். நாடகம் என்று நினைத்து வந்த ஒரு பெண், மற்றவர்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் தனியாக அழுதுவிட்டுப் போனாள். நாற்பத்தொன்று முப்பதாயிற்று, இருபதாயிற்று, ஒன்பதில் வந்து நின்றது. ஒன்பதிலும் ஒன்று பக்கத்து அறையிலிருந்த சொந்த மகள். இன்னொரு மாணவர் அசையாமல், கண் சிமிட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தார். அலுவலர் அவரை இரண்டு நாள் எல்லாருக்கும் முன்மாதிரியாகக் காட்டிப் பேசினார். மூன்றாம் நாள் மகள் அறைக்கு வந்து, அது போட்டோப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அழைத்தார். கண்டிப்பான அம்மாள், ஆனால் குரலை உயர்த்த மாட்டார். எல்லா மன்றங்களின் வருகைப் பதிவையும் பார்த்து வருவதாகவும், அடுத்த இரண்டு வாரத்தில் முப்பது பேருக்குக் குறைந்தால் அந்த மன்றத்தின் கைபேசி நிகழ்ச்சிகளை நிறுத்திவிடப் போவதாகவும் சொன்னார். நிகழ்ச்சி அலுவலர் வேலையெல்லாம் போகாது, சம்பளமும் வரும். மன்றம் திறக்கும்வரை வீட்டில் காத்திருப்பில் இருந்தால் போதும்.

இன்னொருவர் என்றால் இதைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். அலுவலருக்கு மகிழ்ச்சி வரவில்லை. காத்திருப்பு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் கதவில் அது மணி வாரியாக எழுதியிருந்தது.

முதலில் மகளிடம் விசாரித்தார். ஏன் யாரும் வருவதில்லை, தலைமைப் பண்பு கடினமாக இருக்கிறதா என்று கேட்டார்.

மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முதல்ல ஏழு, பத்தரை, ஒன்றரைன்னு இருந்துச்சு இல்லப்பா, அப்ப எல்லாருக்கும் யூஸா இருந்துச்சு."

"என்ன யூஸ்?"

"எல்லார் வீட்லயும் அதே டைம்லதான் வேலை சொல்லுவாங்க. கிளாஸ் இருக்குன்னு கதவைச் சாத்திக்கலாம். நீங்க டைமை மாத்திட்டீங்க. இப்ப கிளாஸும் வருது, வேலையும் வருது. அப்புறம் யார் வருவா?"

அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்தார். தம்முடைய தலைமைப் பண்பில் நாற்பத்தோரு பேர் மயங்கினார்கள் என்று அவர் நம்பியிருந்தார். நாற்பத்தோரு பேரும் தம்மைப் போலவேதான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். வருத்தம் ஒரு நிமிடம்தான் இருந்தது. அடுத்த நிமிடம் வழி தெரிந்துவிட்டது. பழைய நேரத்துக்கே திரும்பிவிட வேண்டியது. உறுப்பினர்களும் வருவார்கள். வீட்டில் மனைவி என்ன மாற்றினாலும் சரி, 'தலைமை அலுவலக உத்தரவு, இனி நாள் முழுக்க நான் பணியில்தான்' என்று சொல்லிவிடலாம்.

ஆனால் காரணமில்லாமல் நேரத்தை மறுபடி மாற்றினால் இயக்குநர் கேட்பார். அதற்கு ஒரு ஆதாரம் வேண்டும். யோசித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். மனைவி கணினி முன்னால் பத்து வண்டிகளுக்கு ஆள் போட்டுக்கொண்டிருந்தார்.

"நிகழ்ச்சிக்கு ஆள் குறையுது," என்றார் அலுவலர், பட்டும் படாமலும்.

"வண்டி காலியா ஓடுதுன்னா நாங்க டிரைவரையா கேப்போம்?" என்றார் மனைவி. "பயணிகளைக் கேப்போம். நீங்களும் கேளுங்களேன்."

கருத்துக் கணிப்பு. அலுவலருக்கு அந்தச் சொல்லே பிடித்துவிட்டது. பழைய நேரம்தான் வேண்டும் என்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் அதைவிட ஆதாரம் வேறென்ன. மனைவி உதவ முன்வந்தார். கைபேசி பெற்றோருடையது, அனுமதி தருவதும் பெற்றோர், அதனால் பெற்றோரையும் கேட்பதுதான் முறை என்றார். இரண்டு கேள்விகள் போதும் என்றார். ஒன்று, எந்த நேரம் வசதி. இரண்டு, வீட்டிலேயே இருக்கும் இந்த நாட்களில் உங்கள் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்கள்.

அலுவலருக்கு முதல் கேள்விதான் முக்கியம். இரண்டாவதை அவர் சரியாகப் படிக்கக்கூட இல்லை. படிவம் அறுபத்திரண்டு வீட்டுக்கும் போனது. பெற்றோர் என்ற முறையில் அவரும் ஒரு படிவம் நிரப்பி அனுப்பினார்.

மன்றம் பேருந்துப் பணிமனைக்குப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசி, டிரைவர் கண்டக்டர் பிள்ளைகள். இதுவும் அலுவலருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்ததையெல்லாம் அவர் உரிய நேரத்தில் நினைத்துப் பார்ப்பதில்லை.

மறுநாள் மாலை ஆறு மணிக்குப் பதில்கள் வரத் தொடங்கின. முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் பழைய நேரம் என்றே எழுதியிருந்தார்கள். அலுவலர் ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு இரண்டாவது கேள்விக்கு வந்தார்.

பாத்திரம் துலக்க. அடுத்தது, பெருக்க, அதுவும் மூலைமுடுக்கு விடாமல் பெருக்க. அதற்கடுத்தது, தன் துணியையாவது மடிக்க. பாத்திரம். பாத்திரம். அடுப்பு துடைக்க. 'சொல்லிப் பார்த்தாச்சு, கேட்கிறதில்லை. சார் செய்து காட்டினால் செய்வான்.' 'எங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சொல்லித் தரவும்.' பதில் வந்தவை ஐம்பத்து மூன்று. அதில் நாற்பத்தெட்டு வீட்டு வேலை. நான்கு கேரம். தலைமைப் பண்பு ஒன்று. அந்த ஒன்று அவரே அனுப்பியது.

இதை எங்கே மறைப்பது என்று யோசிப்பதற்குள் இயக்குநர் அழைத்துவிட்டார். பதில்களின் நகல் நேராகத் தலைமை அலுவலகத்துக்கும் போகும்படி மனைவி படிவத்தை அமைத்திருந்தார். வெளிப்படையாக இருக்கட்டும் என்று.

இயக்குநரின் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் உயர்ந்திருந்தது. இத்தனை வருட சேவையில் பெற்றோர் இவ்வளவு ஒற்றுமையாக ஒன்றைக் கேட்டுத் தாம் பார்த்ததில்லை என்றார். எல்லா மன்றங்களும் பூமாலை கட்டவும் காகிதத்தில் பறவை செய்யவும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, இந்த ஒரு மன்றம்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டைக் கற்றுக்கொடுக்கப் போகிறது என்றார். தினம் ஐந்து முறை, நேரலையில், அலுவலரே தம் வீட்டில் செய்துகாட்டட்டும்.

அலுவலர் தம்மால் முடிந்தவரை போராடினார். இந்தத் துறையில் தம் மனைவிதான் நிபுணர், அவரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாம் என்றார். அது கூடாது, ஆண் ஒருவர் செய்வதைப் பையன்கள் பார்க்க வேண்டும் என்றார் இயக்குநர். முதல் இரண்டு வாரம் கோட்பாடு, அதாவது பாத்திரங்களின் வரலாறு என்றார். வேண்டாம் என்றார் இயக்குநர். ஒரு தடவை செய்து பதிவு பண்ணிக்கொண்டால் தினமும் அதையே போடலாமே என்றார். வருகைப் பதிவு நேரலைக்கு மட்டும்தான் சார் என்றார் இயக்குநர். அப்புறம், முப்பது பேர் விஷயம் ஞாபகம் இருக்கட்டும் என்றும் சொன்னார்.

வேறு வழியில்லாமல் அலுவலர் சம்மதித்தார். இல்லாவிட்டால் காத்திருப்பு. காத்திருப்பிலும் அதே பாத்திரம்தான், பார்க்கத்தான் ஆள் இருக்காது.

பதில்களை மறுபடி ஒரு தடவை புரட்டிப் பார்க்கும்போதுதான் நேரம் கண்ணில் பட்டது. ஆறு மணிக்கு ஒரு கொத்து. ஆறு பத்துக்கு ஒரு கொத்து. ஆறு இருபது, ஆறு முப்பது. முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை, பத்து பத்து நிமிட இடைவெளி. மனிதர்கள் இப்படிப் பதில் அனுப்புவதில்லை. பேருந்துகள்தான் இப்படி வரும்.

கைபேசியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"இது உன் வேலையா?"

மனைவி திரையைப் பார்த்தார். "எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்பினா உங்க ஃபோன் தாங்காதேன்னு ரூட் வாரியா பிரிச்சு விட்டேன்."

"நீதான் எல்லாரையும் எழுதச் சொல்லியிருக்கே."

"எப்ப அனுப்பணும்னுதான் சொன்னேன். என்ன எழுதணும்னு நான் யாருக்கும் சொல்லல. அதை அந்தந்த வீட்டு நிலைமை சொல்லியிருக்கு." பிறகு கணினியிலிருந்து திரும்பி உட்கார்ந்தார். "ஏங்க, நீங்க ஒருத்தர் தப்பிக்கறதுக்கு ஏழு மணிக்கு உடற்பயிற்சி வச்சீங்க. அந்த வாரம் பூரா நாற்பது வீட்டுல பெருக்க ஆள் இல்ல தெரியுமா? ஒவ்வொரு டிரைவர் வீட்டம்மாவும் எனக்குத்தான் ஃபோன் பண்ணினாங்க. டூட்டி போடறவ நான். வீட்டுல ஒருத்தரைக் கட்டுப்படுத்த முடியலன்னா நாளைக்கு அவங்க புருஷன்மாரை நான் எப்படி வண்டியில ஏத்தறது?"

அலுவலர் புதிய நேரங்களை எழுத உட்கார்ந்தார். தாளைக் கேட்டார். கட்டம் ஏற்கெனவே போட்டுத் தயாராக இருந்தது.

ஏழாவது திருத்திய அட்டவணை அன்றே வெளியாயிற்று. காலை ஏழு மணிக்குப் பெருக்கும் பயிற்சி. பத்தரைக்குப் பாத்திரம், முதல் நிலை. ஒன்றரைக்குப் பாத்திரம், இரண்டாம் நிலை. ஐந்து மணிக்குத் துணி மடித்தல். இரவு எட்டுக்கு அடுப்பு மேடை. மகள் அதில் ஒரு பிரதியை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, அங்கிருந்த பழைய தாளைக் கிழித்துப் போட்டாள். இரண்டு தாளுக்கு இனி அவசியமில்லை.

முதல் நாள் காலை ஐம்பத்தேழு பேர். இந்தத் தடவை ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு பெற்றோர் நின்றுகொண்டிருந்தார். போட்டோ வைக்க வழியில்லை. அலுவலர் வழக்கப்படி எல்லாரையும் பலமாகக் கைதட்டச் சொன்னார். எல்லார் கையிலும் துடைப்பம் இருந்ததால் யாரும் தட்டவில்லை. பிறகுதான் தம்முடைய துடைப்பம் எங்கே இருக்கிறது என்று அவர் தேடினார். இருபது வருடமாகக் குடியிருக்கும் வீட்டில் அவர் அதைத் தேடிக் கண்டுபிடித்த ஐந்து நிமிடங்களையும் ஐம்பத்தேழு வீடுகள் பார்த்தன. கேமராவைப் பிடித்திருந்த மகள் கை நடுங்காமல் பிடித்திருந்தாள்.

பத்தரைக்கு வாணலியைத் தேய்த்தார். உள்பக்கம் மட்டும் தேய்த்துக் கவிழ்த்தார்.

"சார், அடிப்பக்கம்," என்றது ஏதோ ஒரு வீட்டு அம்மாவின் குரல்.

அடிப்பக்கம் தேய்த்தார். குழாயை மூடிட்டுத் தேய்க்கலாம் சார், தண்ணி போகுது என்றார் ஒரு கண்டக்டர். கேரம் மாஸ்டர் அவர் வீட்டுத் தொட்டியடியில் நின்றபடியே, தட்டை விரலால் சுண்டினால் சத்தத்திலேயே சுத்தம் தெரியும் என்று ஒரு நுணுக்கம் சொன்னார். அது மட்டும் பொய்யில்லை என்று பிறகு தெரிந்தது.

வாரங்கள் போயின. நியாயமாகச் சொன்னால் அலுவலர் தேறினார். சட்டையை நான்கே மடிப்பில் மடித்தார். கருகிய பால் பாத்திரத்தை ஊறவைக்க வேண்டும், அதனோடு சண்டை போடக் கூடாது என்பதைத் தாமே கண்டுபிடித்து, அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பேச்சைக் கேட்டு ஒருவர்கூட வெளியேறவில்லை. மற்ற மன்றங்களிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். இயக்குநர் சுற்றறிக்கையில் இரண்டு பத்தி எழுதினார். மனைவி ஐந்து நடையின்போதும் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். சில நாள் அதைக் கேமராவுக்குத் தெரிகிற மாதிரியே படித்தார்.

அலுவலர் ஒரே ஒரு நம்பிக்கையில் நாட்களைத் தள்ளினார். என்றைக்கிருந்தாலும் தொற்று அடங்கும். மன்றம் திறக்கும். பூட்டைத் திறந்து உள்ளே போய், மின்விசிறிக்குக் கீழே இருக்கும் தம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எந்தத் தாளும் அங்கே வராது.

அந்த நாளும் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து மன்றம் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. சனிக்கிழமை காலையிலேயே அவர் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தார். மாலையில் இயக்குநர் அழைத்தார். உடற்பயிற்சி, கேரம், நாடகம் எல்லாம் மன்றத்துக்குத் திரும்பலாம், அவற்றை மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்றார். ஆனால் ஏழாவது அட்டவணை மட்டும் வீட்டிலிருந்தே தொடர வேண்டும். மன்றத்தில் அடுப்பு மேடை இல்லை, அழுக்குப் பாத்திரமும் கிடையாது. ஆகவே அலுவலர் மட்டும் வீட்டிலிருந்தே பணிபுரியலாம்.

அலுவலர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில், பதினோரு ஆண்டு சேவையை நினைவுபடுத்திப் பேசினார். இந்த நிகழ்ச்சியின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்றார். இளைஞர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள், தாமும் கற்றுக்கொண்டாயிற்று என்றார். இயக்குநருக்கும் கொஞ்சம் மனம் இளகியது.

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார். பெற்றோர் குழு அமைப்பாளர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்க சரின்னு சொன்னா நிறுத்திடலாம்."

"அமைப்பாளர் யாருங்க மேடம்?"

"போன மாசம் வீடியோ கூட்டத்துல தேர்ந்தெடுத்தாங்களே. ஒன்றரை மணிக் கூட்டம். ஓ, நீங்க அப்ப பாத்திரத்துல இருந்திருப்பீங்க. நம்பர் அனுப்பறேன்."

நம்பர் வந்தது. அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மரியாதையாக இரண்டு வாக்கியம் மனதுக்குள் தயார் செய்தார். பிறகு எண்ணைத் தொட்டார். எண் மறைந்து, கைபேசியில் அவர் என்றோ பதிந்து வைத்திருந்த பெயர் வந்தது. 'வீடு' என்று இருந்தது.

கூடத்தில் மணி அடித்தது. மனைவி எடுத்தார். அவர் குரல் கைபேசியிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது.

"சொல்லுங்க. எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடுங்க, பரிசீலிக்கிறோம். அதுவரைக்கும் நிகழ்ச்சி தொடரும்."